குளிர்மலைக் கறுப்பு

உலகத்துப் பியர்களையெல்லாம் வகை பிரித்து இலக்கணம் எழுதி வைத்த கையேடு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பியர்ப் போட்டிகளில் தீர்ப்புச் சொல்பவர்களுக்காக எழுதப்பட்டது. அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘வெப்பமண்டல ஸ்டவுட்’ என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. நல்ல கறுப்பு, தூக்கலான இனிப்பு, அடங்கிய கசப்பு, கூடிய போதை. வெயில் நாடுகளில் உருவாகி அந்த நாட்டுக்காரர்களாலேயே விரும்பிக் குடிக்கப்படுவது. உதாரணமாகக் காட்டப்படும் நாலைந்து பெயர்களில் ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட் ஒன்று. இலங்கையின் லயன் ஸ்டவுட் இன்னொன்று.

லயன் ஸ்டவுட் பிறந்த ஊர் நுவரெலியா. தை, மாசி விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற ஊர். கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் பக்கத்து நிலையமான நானுஓயாவில் இறங்கியதும் முதலில் செய்வது பையைத் திறந்து ஸ்வெட்டரைத் தேடுவது. ஸ்டேஷனைச் சுற்றி நாலு பக்கமும் தேயிலை. ஆனி, ஆடி வந்துவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியாது. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பெண்கள் கொழுந்துக்குப் போவார்கள். வெப்பமண்டலம் என்று பெயர் வாங்கிய பியர், இந்தக் கம்பளி போர்த்திய நாட்டிலிருந்து போனது.

ஒருவருக்கு ஏன் இந்தப் பியர் பிடிக்கிறது, அது பிடிக்கவில்லை என்று கேட்டால் நாக்கு மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. குளிரைக் கேட்க வேண்டும். ஊற்றுத் தண்ணீரையும், ரயில் பாதையையும், மதுவரித் திணைக்களத்தையும், சம்பளச் சீட்டையும் கேட்க வேண்டும். அவை எல்லாம் பேசி முடித்த பிறகும் நாக்குக்குச் சொல்ல ஏதோ கொஞ்சம் மிஞ்சும். மலையகத்துக் குடியைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் கடன் இருக்கிறது, அடிதடி இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. எல்லாம் உண்மை. அந்த மிச்சத்தை மட்டும் அங்கே நான் கண்டதில்லை. தோட்டத்து மனிதனுக்கு ருசி என்று ஒன்று உண்டு என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

குளிரிலிருந்து தொடங்க வேண்டும். பியரில் உண்மையாக உழைப்பது ஈஸ்ட். மனிதர்களின் வேலை அதற்கு ஏற்ற சூட்டைக் காத்துக் கொடுப்பது. மேலே பொங்கி நொதிக்கும் ஈஸ்ட்டுக்கு 15இலிருந்து 22 பாகை வரை ஒத்துவரும். ஏல், போர்ட்டர், ஸ்டவுட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அடியில் படிந்து மெதுவாக நொதிக்கும் லாகர் ஈஸ்ட்டுக்கு 8இலிருந்து 13 பாகை வேண்டும். அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் கடுங்குளிரில் கிடந்து தெளிய வேண்டும். முப்பது பாகை வெக்கையில் கொழும்பில் வைத்தால் இரண்டுமே நாறிப்போகும். கார்ல் வொன் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தைப் பியர் ஆலைகளுக்குச் செய்து கொடுத்தது 1870களில். அதற்கு முன் வெயில் நாட்டில் பியர் வடிக்க வேண்டுமென்றால் மலை ஏறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால்தான் ஆங்கிலேயர் பியர் வடித்த இடங்களைத் தேடிப் போனால் மலைவாசத் தலங்களாகவே வருகின்றன: இமயமலை அடுக்கில் கசௌலி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் மர்ரி, நீலகிரியில் ஊட்டி, இங்கே நுவரெலியா. 6,000 அடி உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகையைச் சுற்றி நிற்கும் நுவரெலியா, மேல் நொதிக்கும் ஈஸ்ட்டுக்குத் தாய்வீடு. அங்கே எந்த இயந்திரமும் இல்லாமல் ஸ்டவுட் வடிக்கலாம். லாகருக்கு அந்தக் குளிரும் போதாது.

ஆகவே முதல் தேர்வைச் செய்தது மலை. குடிப்பவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

நுவரெலியாவில் பியர் வடித்த கதையைச் சாமுவேல் பேக்கரிடமும் 1849ஆம் ஆண்டிடமும் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம். பின்னாளில் ஆப்பிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு பெயர் வாங்கிய அதே பேக்கர்தான். 1840களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து மாடுகளையும் கலப்பைகளையும் ஆட்களையும் கொண்டுவந்து நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணை ஒன்றை உருவாக்கப் பார்த்தார். யானை வேட்டையாடினார். இலங்கை பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதினார். தேயிலைத் துரைமாரின் தாகத்துக்காக அந்த வடிசாலை தொடங்கப்பட்டது என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதுகின்றன. இதைத் திருத்திச் சொல்ல வேண்டும். 1849இல் இந்த மலைகளில் தேயிலைத் தோட்டமே கிடையாது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். அதற்கு முன் இங்கே இருந்தது கோப்பி. கோப்பிக் காலத்துத் தொழிலாளி மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக நடந்து வந்தவன். வழியில் செத்து விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. நுவரெலியாப் பியரின் பிறந்த தேதியைத் தேயிலையோடு சேர்த்து எழுதும்போது அந்த நடைபாதைக் காலம் கதையிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறது.

1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. தேயிலையோடு ரயில் வந்தது. 1884இல் அட்டனை எட்டிய பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மேல் போக எட்டு வருடத்துக்கு மேல் பிடித்ததால் அந்தக் காலம் முழுதும் மலைநாட்டு ரயிலின் கடைசி நிலையம் நானுஓயாதான். வாற்கோதுமை மால்ட்டும் ஹாப்ஸும் இலங்கையில் விளைகிற பொருள்கள் அல்ல. கப்பலேறி வர வேண்டும். ரயிலுக்கு முன் மாட்டுவண்டிகள் ரம்பொடைக் கணவாய் வழியாக மூட்டைகளை இழுத்து ஏற்றின. ரயில் வந்த பின் சுமை நானுஓயாவில் இறங்கியது. 1903இல் இங்கிருந்து நுவரெலியாவுக்கும் பிறகு ராகலைக்கும் சின்னக் கோச்சி ஓடியது. 1940களில் அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மேலே போன மால்ட் கறுப்புப் பியராகக் கீழே இறங்கியது. அதே தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டிகளும் இறங்கின. இந்த மலை உலகத்துக்குக் கொடுத்த இரண்டு பானங்களும் ஒரே வழியில்தான் போயின. ஒன்றுக்கு இலை இங்கேயே விளைந்தது. மற்றதற்குத் தண்ணீரும் குளிரும் மட்டும் உள்ளூர்.

ஸ்டவுட்டின் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. சீனியைக் கருக்கி ஊற்றுகிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. முளைவிட்டு உலர்த்திய வாற்கோதுமையைக் கோப்பிக்கொட்டை வறுப்பதுபோலவே உருளையில் போட்டு 200 பாகைக்கு மேல் வறுக்கிறார்கள். டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் 1817இல் அந்த உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கறுப்பு மால்ட் ஒரு பிடி போதும், ஒரு பெரிய பாத்திரம் முழுதும் இருண்டுவிடும். வறுத்த மணமும் கருகலின் கசப்பும் அதிலிருந்து வருகின்றன. அதோடு போதையைக் கூட்டிவிட்டால் வெக்கையிலும் கப்பலிலும் சீக்கிரம் கெடாது. டப்ளினில் கின்னஸ் ஆலை 1801இலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று தனியாகக் கடும் போர்ட்டர் வடித்தது இதனால்தான். கரும்புத் தோட்டத்து ஜமைக்கா, எண்ணெய்ப்பனை நைஜீரியா, ரப்பர்த் தோட்டத்து மலாயா, தேயிலைத் தோட்டத்து இலங்கை என்று கறுப்புப் பியர் நிலைத்த ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பிரிட்டிஷ் தோட்டப் பயிர்களின் வரைபடம் அது. மலேசியாவில் கின்னஸ் போத்தலின் பழைய முத்திரையில் நாய்த்தலை இருந்ததால் சீனர்கள் அதைக் ‘கறுப்பு நாய்’ என்றே கேட்டு வாங்குவார்கள். வெட்டி, சுமந்து, நனைந்து வேலை செய்பவர்கள் இருந்த இடங்களில் எல்லாம் இந்தக் கனத்த, இனித்த பியர் வேர் பிடித்தது. தற்செயலாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

லயன் ஸ்டவுட்டை உலகத்துக்குச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்லர், 1942இல் பிறந்து 2007இல் மறைந்த ஆங்கிலப் பியர் எழுத்தாளர். 1977இல் வந்த அவருடைய உலகப் பியர் வழிகாட்டிதான் பியர்களை வகைவகையாகப் பிரித்துப் பேசும் இன்றைய பழக்கத்துக்கே அடித்தளம். அவர் இலங்கைக்கு வந்தார். கண்டியில் ஒரு சின்னப் பியர்க் கடையில், மரப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்து ஸ்டவுட் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்துப் பரவசப்பட்டார். இங்கிலாந்திலேயே அருகிவந்த வழக்கத்தை இங்கே கண்ட ஆச்சரியம் அது. சொக்லேட், மொக்கா, உலர்பழம் என்று அதன் ருசிக்குச் சொற்கள் கொடுத்தார். அந்தச் சொற்கள் அமெரிக்காவுக்குப் போன போத்தல்களின் லேபிள் வரைக்கும் ஏறின. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் இல்லாவிட்டால் இந்த மலைப் பியருக்கு உலகத்தின் கையேட்டில் இடம் கிடைத்திருக்காது.

ஆனால் அவருடைய சொற்கள் அவர் வளர்ந்த ஊரின் சமையலறையிலிருந்து வந்தவை. லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்ந்த ஒருவர் அதே போத்தலைத் திறந்தால் வேறு சொற்கள் வரும். நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் எதுவும் இல்லை, தோட்டத்தில் அப்படித்தான். லாகர் ஏன் பிடிக்காது என்று கேட்டேன்.

“அட போப்பா. காலையிலேருந்து மழையில நனைஞ்சுட்டு வாரவன் தலையில இன்னொரு வாளி தண்ணிய ஊத்துன மாதிரி இருக்கும் அது.”

“ஸ்டவுட்டு?”

“அது கருப்பட்டியக் காச்சி அடி புடிக்க விட்ட ருசி. மொதல்ல இனிக்கும். பொறகு தொண்டையில கொஞ்சம் கருகல். பொறகு நெஞ்சுல சூடு. மூணும் ஒன்னு பொறத்தால ஒன்னு வரணும். அவசரப்பட்டுக் குடிச்சா ஒன்னுந் தெரியாது.”

“ஐஸ் போட்டா?”

“ஐஸ்ல வச்சவனுக்கு அத வாங்கிக் குடுத்திருக்கவே கூடாது.”

இனிப்பு, கருகல், சூடு என்று அவர் வரிசைப்படுத்திச் சொன்னதை எந்தச் சுவை நிபுணரின் குறிப்போடும் தயங்காமல் வைக்கலாம். குளிர வைத்தால் கறுப்பு மால்ட்டின் மணம் அடங்கி, கசப்பு மட்டும் முன்னால் வரும் என்பது பியர் அறிந்தவர்கள் எல்லாரும் சொல்வது. ஸ்டவுட்டை 10இலிருந்து 13 பாகைக்குள் குடிக்கச் சொல்வார்கள். நானுஓயாவில் ஓர் ஆடி மாத மாலையில் லயத்து வாசலில் வைத்த போத்தல் தானாகவே அந்தச் சூட்டில்தான் இருக்கும். பெரியவருக்கு வெப்பமானி தேவைப்படவில்லை.

கருகலும் இனிப்பும் சேர்ந்த ருசி அவருக்குப் புதிதல்ல. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நுவரெலியாத் தேயிலை உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலைகளின் ஷாம்பெயின் என்று பெயர் பெற்றது. மெல்லிய நிறம், பூவாசம், நாக்கில் கனம் இல்லாத ஒரு துல்லியம். கொழும்பு ஏலத்தில் சுவைஞர்கள் அதை மெச்சுவது அந்த மென்மைக்காக. அந்தக் கொழுந்தைக் கிள்ளுகிறவள் வீட்டில் குடிப்பதோ டஸ்ட்டில் கறுக்கக் கறுக்க ஊற்றிச் சீனி போட்ட தேத்தண்ணி. நல்லது ஏற்றுமதியாகிறது, கழிவு வீட்டுக்கு வருகிறது என்று இதைச் சொல்வது வழக்கம். அதில் நியாயம் உண்டு. விலை அப்படித்தான் பிரிக்கிறது. ஆனால் மென்மையான தேயிலையைக் கையில் கொடுத்து ஊற்றிக் குடிக்கச் சொன்னபோதும் “சாயமே இல்லையே” என்று முகம் சுளித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் சரிவில் நின்று, அட்டை கடித்து, ஈரச் சாக்கு இடுப்பில் ஒட்ட வீடு திரும்பும் உடம்புக்கு மெல்லியது எதுவும் கேட்பதில்லை. அதற்குக் கனம் வேண்டும், இனிப்பு வேண்டும், சுடவேண்டும். அதை ருசி அறியாமை என்று சொல்வது தவறு. அந்த உடம்புக்கு அதுதான் ருசி. லாகருக்கும் ஸ்டவுட்டுக்கும் நடுவே பெரியவர் செய்த தேர்வு, பூவாசத் தேயிலைக்கும் டஸ்ட்டுக்கும் நடுவே அவர் மனைவி செய்த தேர்வின் மறுபக்கம்.

இனி காசுக்கு வர வேண்டும். வராமல் எழுதினால் இது பொய்யாகிவிடும்.

தோட்டத் தொழிலாளியின் பழைய குடி பியர் அல்ல, சாராயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. தோட்டப் பகுதிகளில் தவறணைகள் பெருகின. இலங்கையின் முதல் பெரும் உள்ளூர்ச் செல்வம் எங்கிருந்து திரண்டது என்பதைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்: கணிசமான பங்கு சாராயக் குத்தகையிலிருந்து. தொழிலாளி கூலியாகப் பெற்றது தவறணை வழியாகக் குத்தகைக்காரருக்கும், அங்கிருந்து அரசுக் கருவூலத்துக்கும் போனது. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள் இந்த அமைப்புக்கு எதிராகத்தான் கூட்டம் சேர்த்தன. அந்த நாளில் பியர் துரையுடையது. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் அது ஊற்றப்பட்டது. அந்தக் கதவுக்குள் உறுப்பினராக நுழைய இலங்கையர் எவருக்கும் நெடுங்காலம் அனுமதி இல்லை. பியர் மெல்ல மெல்லத்தான் தோட்டத்துப் பக்கம் இறங்கியது. சாராயத்தின் பக்கத்தில் நிற்கக்கூடிய வலுவோடு வந்ததால் ஸ்டவுட் ஒட்டிக்கொண்டது.

அண்மைக் காலக் கணக்கைப் பாருங்கள். லயன் லாகரில் 4.8 வீதம் அல்கஹோல். லயன் ஸ்ட்ரோங்கிலும் லயன் ஸ்டவுட்டிலும் 8.8 வீதம். ஏறத்தாழ இரு மடங்கு. 2021இல்தான் தோட்டத்துக்கு 1,000 ரூபா நாட்கூலி வந்தது. அதற்கே எத்தனை வருடப் போராட்டம். 2024இல் 1,350 ஆனது. ஒரு போத்தல் பியர் ஒரு நாள் கூலியில் கணிசமான பங்கை விழுங்குகிற நிலையில், ஒரே போத்தலில் கூடுதல் வலு உள்ளதை எடுப்பவனைக் குடிகாரன் என்று சொல்வதற்கு முன் கணக்குத் தெரிந்தவன் என்று சொல்ல வேண்டும். இந்தியாவிலும் இதே கதைதான். அங்கேயும் விற்பனையில் முன்னால் நிற்பது ஸ்ட்ரோங் பியர். 2017 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, மது வரியை அல்கஹோலின் அளவுக்கேற்ப அமைக்கப் பார்த்தார். சாராயத்திலிருந்து மக்களைப் பியர்ப் பக்கம் திருப்பலாம் என்பது எண்ணம். கடும் எதிர்ப்பு வந்தது. வரி ஏறும்போதெல்லாம் கள்ளச்சாராயமான கசிப்பைக் காய்ச்சும் ஆற்றோரத்துக் கொப்பரைகளில் நெருப்புக் கூடுகிறது என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். கசிப்புக்கு ருசி கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார்கள். ருசி என்ற ஒன்று முற்றாகப் பறிக்கப்பட்ட குடி அது, உயிரையும் பறிக்கும்.

ஆனாலும் கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. ஸ்ட்ரோங்கும் ஸ்டவுட்டும் ஒரே வலு. வெறும் போதைதான் தேவையென்றால் இரண்டில் எது இருந்தாலும் போதும். கவ்வாத்து மாமா ஸ்ட்ரோங்கைத் தொடமாட்டார். ஸ்டவுட் தீர்ந்துபோயிருந்தால் வெறுங்கையோடு திரும்பி வருவார். கூலியும் வரியும் வலுவும் சமமாக நிற்கும் அந்த இடத்தில் அவர் தேர்ந்தெடுப்பது ருசி ஒன்றைத்தான். நான் தேடிய மிச்சம் அதுதான்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. பிரசவமான பெண்ணுக்கு ஸ்டவுட் கொடுத்தால் ரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்ற நம்பிக்கையைத் தோட்டத்துக் கிழவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து வந்த நம்பிக்கை இது. கின்னஸ் உடம்புக்கு நல்லது என்று 1929இலிருந்து சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டினார்கள். பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்களே சிபாரிசு செய்த காலம் இருந்தது. உண்மை என்னவென்றால் ஒரு பைன்ட் ஸ்டவுட்டில் இருக்கும் இரும்புச்சத்து 0.3 மில்லிகிராம் அளவுதான். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு அதைப்போல் அறுபது மடங்கு வேண்டும். அல்கஹோல் பாலைக் கூட்டாது, குறைக்கும். கறுப்பாக இருப்பதால் சத்து இருக்கும் என்று நம்பிய பெண்கள், உண்மையிலேயே ரத்தசோகையோடு மலை ஏறிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கீரையும் மீனும் மருந்துக் குளிசையும். கிடைத்தது ஒரு போத்தல் ஆறுதல்.

இன்னொரு பக்கம், பெண்கள் மதுபானம் வாங்கக் கூடாது என்று 1979இல் இந்த நாட்டில் ஒரு சட்டவிதி போட்டார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சு அதை நீக்கியது. நாலைந்து நாளில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். நாள் முழுதும் கொழுந்து கிள்ளிக் குடும்பத்துக்குச் சோறு போடுகிற பெண்ணுக்கு, வேண்டும் வேண்டாம் என்று தானே முடிவு செய்யும் உரிமையைக் கொடுக்க நாட்டுக்கு மனம் வரவில்லை. ஆண்களின் குடியால் அடி வாங்குகிறவர்களும் அவர்கள்தான். சம்பள நாள் இரவில் லயத்து வரிசையில் எந்தக் காம்பராவிலிருந்து சத்தம் வரும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியும். நான் அந்த வரிசையில் வளர்ந்தவன். ஸ்டவுட்டின் ருசியைப் பற்றி எழுதும் கையால் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். குடிக்கிற மனிதனுக்கு ருசி உண்டு என்று ஒப்புக்கொள்வதால் அந்த இரவுகள் லேசாகிவிடாது. ருசி அறிந்து ஒரு போத்தலோடு எழுந்துவிடுகிற கவ்வாத்து மாமாவும், விழும் வரை விழுங்குகிறவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வாசலில் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பவர்களுக்கு இருவரையும் தெரியாது.

1990களின் பின்பகுதியில் லயன் ஆலை மலையிறங்கிக் கொழும்புப் பக்கத்துப் பியகமவுக்குப் போனது. குளிரூட்டும் இயந்திரம் இருக்கும்போது மலையின் குளிர் எதற்கு? துறைமுகம் பக்கம், சந்தை பக்கம், நெடுஞ்சாலை பக்கம். வணிகக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. பீதுருதாலகாலை அடிவாரத்து லவர்ஸ் லீப் ஊற்றுத் தண்ணீர் என்ற பெருமை மட்டும் பழங்கதையானது. பியகமவில் 2016 மே வெள்ளத்தில் களனி கங்கை ஆலைக்குள் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. ஆறாயிரம் அடி உயரத்தில் பிறந்த பியருக்கு வெள்ளப்பெருக்கில் மூழ்கும் விதி கீழே இறங்கிய பின்தான் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் கறுப்புப் பியர் மலையில் நிற்கிறது என்றால் விளம்பரத்தால் அல்ல. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தை முற்றாகத் தடை செய்தது. பதாகை இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஆகவே இந்த நாட்டில் ஒரு பியர் பிடித்துப் போவது வாய்வழியாகவே நடக்கிறது. அப்பா குடித்ததைப் பார்த்து, மாமா சொன்னதைக் கேட்டு. அந்த வகையில் ஸ்டவுட் ஒரு குடும்பப் பழக்கம்போல இறங்கி வந்திருக்கிறது.

இறங்கும் வழியில் இப்போது ஓர் உடைப்பு. கவ்வாத்து மாமாவின் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வரும்போது அப்பாவுக்கு ஸ்டவுட் வாங்கி வருவான். தனக்கு லாகர் டின். ஏன் என்று கேட்டேன். கொழும்பு வெயில்ல ஸ்டவுட் குடிச்சா மூச்சு முட்டுது அண்ணே, என்றான். சரிதானே. அவனுடைய உடம்பு இப்போது முப்பது பாகையில் வேலை செய்கிறது, மூட்டையோடு வெயிலில் நிற்கிறது. அவன் நாக்கும் இடம் பெயர்ந்துவிட்டது. அதில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்திருக்கலாம். டின்னைத் திறக்கிற சத்தத்தில் ஒரு நகரம் இருக்கிறது. ஆனால் அவனும் ருசிக்காகத்தான் லாகரை எடுக்கிறான், அப்பா ஸ்டவுட்டை எடுப்பதுபோலவே.

போன தீபாவளிக்கு மாமா அந்த டின்னை வாங்கி ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கெட்டதில்ல. எலும்பு இல்லாத ஆளு மாதிரி பேசுது. ஒனக்குச் சரியா வரும்னா குடி. ஆனா ரெண்டுக்கு மேல போவாத.”

டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் போத்தலை எடுத்துக்கொண்டார். இஸ்தோப்பில் உட்கார்ந்து மகனிடம் கொழும்பில் வாடகை என்ன, மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்.